எண்ணெய் ஆகாது

என் தவளைக்குட்டிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல். பிரிக்பீல்ட்ஸில் நீயும் கிஷோரும் வாங்கியிருக்கிற வீட்டுக் குளியலறைக்கு என்ன போடலாம், ஜெட்டு அடிக்கிற தொட்டியா, ஸ்டீமா, பார்த்துச் சொல்லுங்கப்பா என்று பினாங்கிலிருந்து போன் செய்தாயே, அதற்காகப் பூச்சோங்கில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். முப்பது வருடமாகப் பைப் வேலை செய்கிறவன் நான். தொட்டியை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தாலே எனக்குப் போதும். ஆனாலும் ஆசை விடவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காட்சிக்கு வைத்திருந்த காய்ந்த தொட்டிக்குள் இறங்கிப் படுத்தேன். தலைக்குச் சின்னத் தலையணை வேறு. மேலே ஏர்கோன். தூங்கிப்போனேன். என் குறட்டையைக் கேட்டு எங்கோ ஒரு பம்ப் ஓடுகிறது என்று கடைப் பெண் சுவிட்சைத் தேடினாளாம். பிறகு தோளைத் தட்டி, "அங்கிள், ஓக்கேயா?" என்றாள். ஓக்கேதான், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பக்கமெல்லாம் வழவழ, பிடிக்க ஒன்றும் இல்லை, தொப்பை ஒரு பக்கம் இழுக்க முட்டி ஒரு பக்கம் இழுக்கிறது. கடைசியில் அவளும் கேஷியரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். "வாங்குறீங்களா அங்கிள்?" என்று வேறு கேட்டாள், பாவம்.

ஆகவே எந்தத் தொட்டியையும் படுத்துப் பார்க்காமல் வாங்காதே. படுத்தால், எழுந்து பார்க்காமல் வாங்காதே. பக்கத்தில் பிடி இருக்க வேண்டும், அடியில் சொரசொரப்பு இருக்க வேண்டும், பம்ப்பைக் கையால் தொடுகிற மாதிரி ஒரு மூடி இருக்க வேண்டும். அழகுக்காகச் சுற்றிலும் டைல் ஒட்டி அடைத்துவிட்டால், பம்ப் கெட்டுப்போகிற அன்றைக்கு டைலை உடைக்கத்தான் ஆள் கூப்பிடணும். இதெல்லாம் வேறு வீட்டுக்கு. உங்கள் வீட்டுக்குத் தொட்டியே வேண்டாம் என்பது என் தீர்ப்பு. பதினான்காம் மாடி. தொட்டி நிறையத் தண்ணீர், அதற்குள் ஓர் ஆள், அத்தனை கனமும் கீழ் வீட்டுக்காரர் தலைக்கு மேலே. மேனேஜ்மென்ட் கடிதம் கேட்கும், என்ஜினியர் கையெழுத்து கேட்கும். சுவரில் மாட்டியிருக்கிற சின்ன ஹீட்டர் நின்று குளிக்கத்தான் காணும். தொட்டி நிரம்புவதற்குள் முதலில் விழுந்த சுடுதண்ணி ஆறிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே, நம் பக்கத்துத் தண்ணி. எப்போது கட் ஆகும் என்று தெரியாது, கட் ஆகித் திரும்பி வந்தால் முதல் அரை மணி நேரம் பால் விடாத தேத்தண்ணி, தே ஓ மாதிரி வரும். அதை ஜெட்டுக்குள் விட்டால் அந்தச் சேறெல்லாம் உள்பைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்டீம் அப்படி இல்லை. ஒரு வாளித் தண்ணீர்கூடச் செலவாகாது. "கிள்ளான்ல வாசல்ல நின்னாலே ஸ்டீம்தான், அதுக்கு எதுக்குங்க மெஷினு?" என்று உன் அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் எட்டு மணி நேரம் வார்டில் நின்று கால் வீங்கி வருகிற பிள்ளை நீ, வேண்டும் என்று கேட்டாய். போட்டுவிட்டேன், என் கையாலேயே. போன வாரமே வேலை முடிந்தது. அறையின் நீளம் அகலம் உயரம் அளந்து அதற்கேற்ற மெஷின் வாங்கியிருக்கிறேன். முழுக்க டைலும் கண்ணாடியும் இருந்தால் சூட்டை அவை குடித்துவிடும், அதனால் கணக்குக்கு ஒரு படி மேலே. கூரையைக் கொஞ்சம் சாய்வாக இறக்கியிருக்கிறேன், இல்லாவிட்டால் சொட்டு சொட்டாக உச்சந்தலையில் விழும். ஸ்டீம் வருகிற வாயைக் கீழே, உட்காருகிற திண்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன், கால் பட்டால் வெந்துவிடும். கரண்ட் கசிந்தால் தானே கட் ஆகிற ஈ.எல்.சி.பி. ஒன்றைத் தனியாகப் போட்டிருக்கிறேன், மாதம் ஒரு முறை அதன் பட்டனை அமுக்கிப் பார். கதவு வெளிப்பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் கிடையாது, வெறும் காந்தம்தான். உள்ளே யாருக்காவது தலை சுற்றினால் சாய்ந்தாலே கதவு திறந்துகொள்ள வேண்டும். அதில் நான் ரொம்பக் கவனமாக இருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்.

ஒவ்வொரு முறையும் முடிந்ததும் கண்ணாடியை ரப்பர்க் கட்டையால் வழித்துவிட்டுக் கதவைத் திறந்து போடு. மெஷினில் மிச்சத் தண்ணீரை இறக்கிவிடு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றி உப்புப் படிவத்தை எடுக்க வேண்டும், எப்படி என்று கிஷோருக்குக் காட்டித் தருகிறேன், அவனும் ஏதாவது செய்யட்டும். உள்ளே போகும் முன் கால், உடம்பு எல்லாம் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, சிரிக்காதே. அதில் முதல் வரி, எண்ணெய் ஆகாது. மெஷினுக்குள்ளும் ஆகாது, உடம்பில் தேய்த்துக்கொண்டு உள்ளே போகவும் ஆகாது. அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஏன் இரண்டு கோடு என்பதுதான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் சொன்னால் பாதியிலேயே போனைப் போட்டு அழுவாய், இல்லை திட்டுவாய். கடிதத்தை இடையில் நிறுத்தித் திட்ட முடியாது பார்.

நீ இன்னொன்றும் கேட்டாய். கல்யாணத்துக்கு முன்னால் மாமாவிடம் பேசிவிடுங்கள், தாய்மாமன்தானே என் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வரணும், அவர் மேடையேறினால் நீங்கள் இறங்கிப் போவீர்களா, பயமா இருக்குப்பா என்றாய். அம்மாவும் இரண்டு மாதமாக இதே பாட்டுதான். உன் அம்மாவின் ஒரே அண்ணன் அவர். நான் பிடி கொடுக்கவில்லை. பதினெட்டு வருடமாக அந்த மனுசனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஏன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் முழுக் கதையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. மாமா லோரி கம்பெனி நடத்தி நன்றாக இருந்த காலம். கிள்ளானில் மாடி வீடு கட்டி, மேலே ஒரு ஜெட்டுத் தொட்டி போட ஆசைப்பட்டார். வெளி ஆளைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார், எனக்கும் பெருமைதான். பள்ளி விடுமுறை, அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, அதனால் உன்னையும் நம் பண்டமாரான் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். மூன்று நாள் வேலை. நீ படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாய், கேட்டதைத் தவிர எல்லாம் எடுத்துக் கொடுத்தாய். மூன்றாம் நாள் தண்ணீர் நிரப்பிச் சுவிட்சைப் போட்டேன். தொட்டி முழுக்கக் குபுகுபுவென்று பொங்கியது. அப்படி ஒன்றை நீ அதுவரை பார்த்ததில்லை. தவளை மாதிரி ஒரே தாவு, ஒரு கால் உள்ளே.

மாமா வாசலில் நின்றார். "ஏய் ஏய் ஏய்! பிள்ளைய எடுங்க மாப்ள! மொதத் தண்ணி எங்க வீட்டு ஆளுங்கதான் எறங்கணும். காலப் பாருங்க, பட்டறையில பொரண்ட மாதிரி."

நான் உன்னைத் தூக்கினேன். உன் கால் இருந்த இடத்தில் தண்ணீரில் கொஞ்சம் மண் கலங்கியிருந்தது, உண்மைதான். அதோடு அவர் விட்டிருந்தால்கூட நானும் விட்டிருப்பேன். "முன்பக்கம் மார்பிள், மாப்ள. பின்னால நாய்க்கூண்டுகிட்ட ஒரு பைப்பு இருக்கு. ரெண்டு பேரும் அங்க காலக் கழுவிட்டு அப்படியே போயிடுங்க லா" என்றார். நாயின் சோற்றுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு உன் காலைக் கழுவினேன். "அப்பா, நீங்கதானே அதச் செஞ்சீங்க? அப்ப நான் ஏன் எறங்கக் கூடாது?" என்று கேட்டாய். மாமிதான் ஒரு துவாலையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடி வந்து, கீழே உட்கார்ந்து உன் காலைத் துடைத்துவிட்டார். "மனசுல வச்சிக்காதீங்க தம்பி" என்றார். வைத்துக்கொண்டேன். பூட்டி வைத்துக்கொண்டேன். நீ சொந்தத் தங்கச்சி மகள், அவர் நாளைக்கு உனக்கு மாலையைப் போட்டு மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டியவர், 'எங்க வீட்டு ஆளுங்க' என்று ஒரு கோடு போட்டு உன்னை அந்தப் பக்கம் நிறுத்தினார். அதை எப்படி மறப்பது, நீயே சொல்.

தீபாவளிக்கு முதல் நாள் மாமா போன் பண்ணினார். அப்போதும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம், நான் உள்ளே கொதித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. "மாப்ள, நாளைக்கு நல்லெண்ணெய் தேய்ச்சி சீயக்காய் போட்டு அந்தத் தொட்டியிலயே குளிக்கலாம்னு இருக்கேன். ஜெட்டு போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகும். எண்ணெய் உள்பைப்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும், அழுக்கு அதில் பிடித்துக்கொள்ளும், சீயக்காய் ஜெட்டில் அடிபட்டால் நுரை நிற்கவே நிற்காது. பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில் எண்ணெய்ப் போத்தல் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடே போட்டிருந்தது. படிக்காத எனக்கே புரிந்தது அந்தப் படம். நான் சொன்னேன், "தாராளமாக் குளிங்க மச்சான். எண்ணெய் பட்டா பைப்புக்கே நல்லது. ஜெட்ட ஃபுல்லா வைங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கு நான் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு முறுக்கு டின்னோடு, உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வேண்டுமென்றே போனேன். நீ பச்சைப் பாவாடை சட்டை. வாசலில் லோரி டிரைவர்கள், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், பெரிய ஆட்கள் இரண்டு பேர், எல்லாரும் தலையை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடிப்படியில் பழுப்பு நிற நுரை ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது, யாரோ அழைப்பு வைத்த மாதிரி, அவசரமில்லாமல். புதுப் பட்டு வேட்டியை முட்டிக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு மாமா விளக்குமாற்றால் அதைத் திரும்ப மேலே தள்ளிக்கொண்டிருந்தார். நுரையை விளக்குமாற்றால் மேலே தள்ள முடியுமா? அந்த மார்பிள் தரையில், அந்த முன்பக்கத்தில், நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று பார்த்தேன். கோவிலில் அர்ச்சனை முடிந்து தீபம் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. இன்றைக்கும் மனசு சரியில்லாத நாளில் அந்த நுரையைத்தான் நினைத்துக்கொள்வேன், பசி எடுக்கும். சாமி கும்பிடுகிறவன் இப்படி எழுதலாமா என்று கேட்காதே. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"அண்ணி எங்க?" என்று அம்மா கேட்டாள். மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மாமா குளித்துவிட்டுக் கீழே வந்துவிட்டார், விருந்தாளிகள் வந்துவிடுவார்களே என்று நுரையைத் தண்ணீர் விட்டு அடக்க மாமி தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். எண்ணெய்த் தொட்டி. வலது கை மணிக்கட்டு இரண்டு துண்டு. உன் காலைத் துடைத்த கை.

அந்த ஒன்றில்தான் தவளைக்குட்டி, நான் தப்பு பண்ணிவிட்டேன். மாமாவுக்கு வைத்ததைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை, இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவை சொல்வேன். ஆனால் ஒரு வீட்டுத் தொட்டியில் ஒரு ஆள் மட்டும் இறங்க மாட்டார் என்பது பைப்காரனுக்குத் தெரியாதா? அந்த வீட்டில் கழுவுகிறவர் யார் என்று மூன்று நாள் அங்கே இருந்து பார்த்தவனுக்குத் தெரியாதா? கோபத்தில் இருக்கும்போது யாரைப் பார்த்து எறிகிறோம் என்று மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது, பின்னால் யார் நிற்கிறார் என்று தெரிவதில்லை. கிஷோரோடு சண்டை வரும், வராமல் இருக்காது. அப்போது இதை நினைத்துக்கொள்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? "என் தங்கச்சி புருசன் போட்ட வேலை, அதான் இப்படி" என்று சொந்தக்காரர் எல்லாரிடமும் சொன்னார். ஒரு வருடம் எனக்குக் கிள்ளானில் வேலையே வரவில்லை. எண்ணெய் ஊற்றியது இவர், பேர் கெட்டது எனக்கு. ஊற்றச் சொன்னது நான் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை, வந்தால் நான் பேசியிருப்பேன். அவருக்கு அந்தப் போன் பேச்சு ஞாபகமே இல்லை என்று நினைக்கிறேன். அப்படியே பேச்சு நின்றது. அவரைப் பார்த்தால் கோபம், மாமியைப் பார்த்தால் கூச்சம், இரண்டுக்கும் ஒரே மருந்து அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருப்பதுதான்.

சரி, நேற்றைக்கு வருகிறேன். அம்மா எனக்குத் தெரியாமல் அவர்களை உன் புது வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டுவிட்டாள். கதவைத் திறந்தால் மாமா, மாமி. மாமாவுக்குத் தலை முழுக்க நரை, கையில் ஊன்றுகோல். லோரியெல்லாம் போய் வெகு நாளாயிற்று. மாமிக்குக் கொஞ்சம் கூன். அம்மா "ஸ்டீமக் காட்டுங்க" என்று கண்ணைக் காட்டிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். மாமா குளியலறை வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருடமாக நான் வைத்திருந்த வார்த்தை தானாக நாக்கில் வந்து உட்கார்ந்தது. பொய்யும் இல்லை பார், தாளிலேயே எழுதியிருக்கிறது.

"மொதல்ல காலக் கழுவிட்டு வாங்க மச்சான்."

அவர் என்னைப் பார்த்தார். ஞாபகம் வந்ததா இல்லையா, தெரியவில்லை. காலை இழுத்து இழுத்துக் குழாய்க்குப் போனார். முட்டி மடங்கவில்லை, காலை உயரத் தூக்க முடியவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் கை கொடுக்கவில்லை. நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நினைத்த அளவுக்கு இல்லை, ஆனாலும் நன்றாக இருந்தது.

அதற்குள் மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்துத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். முதல் வரியிலேயே நின்றார். இரண்டு கோட்டையும் விரலால் தடவினார்.

"எண்ணெய் ஆகாதா தம்பி?"

"ஆகாதுக்கா."

"தொட்டிக்கும் ஆகாதுதானே?"

"ஆகாதுக்கா."

"இது எப்பலேர்ந்து தெரியும் ஒங்களுக்கு?" என்றார். "அன்னிக்கு இவரு போன் பேசுறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு."

நான் தரையைப் பார்த்தேன். டைல் இணைப்பு ஓரிடத்தில் சரியாக இல்லை, சரிசெய்கிறேன். மாமி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "அவருக்கு முட்டி வலி. உள்ள எப்படி இருக்குன்னு ரெண்டு பேரும் போயி ஒக்காந்து காட்டுங்க, போங்க" என்றார்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். மாமாவே உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரட்டும். நான் மேடையில்தான் நிற்பேன், இறங்க மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, மண்டப வாசலில் சொம்புத் தண்ணீரோடு நான்தான் நிற்பேன், காலைக் கழுவாமல் அவர் உள்ளே வர முடியாது. மற்றபடி பேசியாகிவிட்டது. எங்கே பேசினோம் என்றால், உன் ஸ்டீம் ரூமுக்குள்ளே.

சோதனைக்காக டைமரை ஐந்து நிமிடத்துக்குத்தான் வைத்தேன். நானும் மாமாவும் திண்டில் உட்கார்ந்தோம். ஸ்டீம் நன்றாக வந்தது, கூரையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. நான் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். மாமா கேட்டுவிட்டு, "அத அப்புறம் பேசலாம் மாப்ள, மொதல்ல கதவத் தொறங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் ஸ்டீம் நின்றது. கதவு இருபது நிமிடம் கழித்துத்தான் திறந்தது. காந்தத்தில் கோளாறு இல்லை. வெளிக் கைப்பிடிக்குள் தரை துடைக்கிற மோப்புக் கட்டை ஒன்று குறுக்கே செருகியிருந்தது. மாமி ஹாலில் உட்கார்ந்து தே குடித்துக்கொண்டிருந்தார். வலது கையால்தான் குடித்தார். கை நன்றாக வேலை செய்கிறது.

அப்பா